ஒரு வாத்தியம் கைவந்தவர் அடுத்ததை எப்படிப் பழகுவது?

கேள்வி சுருக்கமாக இது: ஒருவர் பத்து வருடமாகக் கிடார் வாசிக்கிறார். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடித்துப் பாட்டுக்குத் துணையாக வாசிக்க வரும். மேடை ஆசை இல்லை. வேலை, வீடு போக ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். வயலின், புல்லாங்குழல், கீபோர்டு மூன்றின் மேலும் கண் இருக்கிறது. எதை முதலில் எடுப்பது, ஒன்றைப் பழகினால் இன்னொன்று குழம்புமா, வயதான பிறகும் தொடர முடியுமா?

தொடர முடியும். வரிசையும் முக்கியம்தான். அதைச் சொல்வதற்கு முன், வாத்தியம் வாசிப்பதில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்துவிடலாம். எந்த வாத்தியத்திலும் இரண்டு வேலை நடக்கிறது. எந்தச் சுரம் என்று தேர்வது ஒன்று, அந்தச் சுரத்துக்கு ஒலி கொடுப்பது மற்றொன்று. கிடாரில் இடது கை தேர்கிறது, வலது கை ஒலி கொடுக்கிறது. வயலினில் இடது கை விரல்களும் வில்லும். குழலில் விரல்களும் உதடு, மூச்சும். கீபோர்டில் மட்டும் ஒரே விரல் இரண்டையும் செய்துவிடுகிறது. முதல் வேலையில் நீங்கள் சம்பாதித்த அறிவு, அதாவது சுரங்களுக்கு இடையே உள்ள தூரம், தாளம், கார்டு எப்படி நகர்கிறது என்ற உணர்வு, எந்த வாத்தியத்துக்குப் போனாலும் கூடவே வரும். இரண்டாவது வேலை அப்படி வராது. அதை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கிடார்காரர் வயலின் எடுத்த ஒரு வாரத்தில் பாட்டின் சுரங்களைக் கண்டுபிடித்துவிடுவார். கேட்கச் சகிக்கும் ஒலி வர மாதக்கணக்கு ஆகும். பலர் இந்த இடைவெளியில்தான் மனம் தளர்ந்து வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு மூடுகிறார்கள். தனக்கு இசை வராது என்று முடிவு கட்டுகிறார்கள். வராமல் இருப்பது வில் கை மட்டும்தான்.

ஆகவே முடிந்தவரை இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒரு பாதி பழையதாக இருக்கட்டும். கிடாரிலிருந்து வயலினுக்குப் போக நினைப்பவருக்கு நடுவில் மாண்டலின் ஒரு நல்ல படி. மாண்டலினின் சுருதி, மேற்கத்திய சுரப் பெயர்களில், ஜி, டி, ஏ, ஈ. வயலினுக்கும் அதேதான். தந்தியின் நீளம் மாண்டலினில் சுமார் 350 மி.மீ., வயலினில் சுமார் 328 மி.மீ. விரல் இடைவெளியில் பெரிய வித்தியாசம் இல்லை. தந்தி மீட்டும் சில்லான பிக்கைப் பிடிக்கும் கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, கழுத்தின் குறுக்குக் கம்பியான ஃப்ரெட்டும் மாண்டலினில் இருக்கிறது. ஆறு மாதம் மாண்டலினில் ஐந்தாம் இடைவெளிச் சுருதிக்கு (பக்கத்துத் தந்திகள் ச-ப தூரத்தில் நிற்பது) இடது கை பழகிவிட்டால், வயலின் எடுக்கும்போது முழுக் கவனத்தையும் வில்லுக்குக் கொடுக்கலாம். குழலுக்கும் இதே வழிதான். டின் விசில் என்ற சிறு தகரக் குழலில் உதட்டு வேலை கிடையாது, ஊதினால் ஒலி வரும். அதன் ஆறு துளைகளில் விரல் எடுக்கும் வரிசையும் ஆறு துளை மூங்கில் குழலில் விரல் எடுக்கும் வரிசையும் ஒன்றே. விசிலில் விரலைப் பழக்கிக்கொண்டு, பிறகு குழலில் உதட்டை மட்டும் பழகலாம். எட்டுத் துளைக் கர்நாடகக் குழல்தான் இலக்கு என்றால் இந்தக் குறுக்குவழி பாதி தூரம்தான் உதவும். அதில் ‘ச’ விழும் இடமும் விரல் போக்கும் வேறு.

யூகலேலி இன்னும் எளிது. கிடாரின் மெல்லிய பக்கத்து நான்கு தந்திகளை ஐந்தாம் ஃப்ரெட்டில் கேபோ (தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டுப் பிடித்தால் கிடைக்கும் ஜி, சி, ஈ, ஏ தான் யூகலேலியின் சுருதி. கிடாரில் டி கார்டின் வடிவம் அங்கே ஜி கார்டு. ஒரு மாலையில் வந்துவிடும். அவ்வளவு எளிதில் வருவதாலேயே அதைப் புது வாத்தியம் என்று கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

குழம்புமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வாத்தியங்கள் குழம்பாது. கீபோர்டும் வயலினும் ஒரே வருடத்தில் தாராளமாகப் பழகலாம். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்து கொஞ்சம் மட்டும் மாறுபவைதான் குழப்பும். ரெக்கார்டர் என்ற ஊதுகுழலில் சிறிய சொப்ரானோவும் பெரிய ஆல்ட்டோவும் இதற்கு நல்ல உதாரணம். எல்லாத் துளையையும் மூடினால் ஒன்றில் சி வரும், மற்றதில் எஃப் வரும். விரல் ஒன்று, பெயர் வேறு. இப்படிப்பட்ட ஜோடியில் ஒன்று யோசிக்காமல் வாசிக்கும் அளவுக்கு ஊறிய பிறகே இன்னொன்றைத் தொடுங்கள். விரல் எண்ணிலும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கீபோர்டு பாடத்தில் கட்டைவிரல்தான் 1. கிடாரிலும் வயலினிலும் ஆட்காட்டி விரல் 1. முதல் மாதத்தில் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள், பிறகு தானாகச் சரியாகிவிடும்.

குழப்பத்தைத் தடுக்க ஒரே ஒரு பழக்கம் போதும். பாட்டை விரல் இடமாக மனப்பாடம் செய்யாமல், ‘ச’விலிருந்து எத்தனையாவது சுரம் என்று படியுங்கள். ‘இரண்டாவது தந்தி மூன்றாவது ஃப்ரெட்’ என்று படித்த பாட்டு கிடாரோடு நின்றுவிடும். ‘ப த ப ம க’ என்று படித்த பாட்டு எந்த வாத்தியத்திலும் இறங்கும். எந்த வகையில் படித்திருக்கிறீர்கள் என்று சோதிப்பது சுலபம். நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டை ஒரே தந்தியில் மட்டும் வாசியுங்கள். பிறகு இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளி வாசியுங்கள். தடுக்கினால், உங்கள் விரலுக்குத்தான் அந்தப் பாட்டு தெரியும், காதுக்குத் தெரியாது. புது வாத்தியம் வாங்குவதற்கு முன் இப்படி இருபது மெட்டுகளைத் தயார் செய்துகொண்டால், புதியதில் தொடக்கப் பயிற்சிக்குப் பாடப்புத்தகம் தேட வேண்டியதில்லை.

இனி வில். வயலினில் ஒலியின் தரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வில் போகும் வேகம், தந்தி மேல் விழும் எடை, வில் தொடும் இடம். தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்கு அருகே போகப் போக எடை கூட வேண்டும், வேகம் குறைய வேண்டும். விரல் பலகைப் பக்கம் வரும்போது இதற்கு நேர்மாறு. கரகரப்பு வந்தால் அந்த வேகத்துக்கு எடை அதிகம் என்று அர்த்தம். ஈ தந்தி விசில் அடித்தால் எடை போதவில்லை, அல்லது வில் கோணலாகப் போகிறது. கண்ணாடி முன் நின்று, வில் பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள். புதியவர்களின் வில் நுனிப் பக்கம் போகும்போது பின்னால் வளையும். முழங்கையை நீட்டாமல் தோளிலிருந்து இழுப்பதுதான் காரணம். முதல் இரண்டு மாதம் தினம் பத்து நிமிடம் இடது கையே இல்லாமல் வெறும் தந்தியை மட்டும் வாசியுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு முழு வில்லுக்கு நான்கு எண்ணிக்கை. அது நடுங்காமல் வந்ததும் எட்டு எண்ணிக்கை. சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதற்கு மாற்று ஒன்றும் கிடையாது.

புது வில்லின் மயிரில் ரோசின் என்ற பிசின் தேய்க்காவிட்டால் ஒலியே எழாது. வயலின் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள்கூட உண்டு. புது ரோசின் கட்டியின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதலில் உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டுத் தேய்க்க வேண்டும். வில் பழகிய பிறகு ஓரிரு நாளுக்கு ஒருமுறை நான்கைந்து இழுப்பு போதும். தந்திக்கு அடியில் வெள்ளைப் பொடி அப்பிக் கிடந்தால் ரோசின் அதிகம். வாசித்து முடித்ததும் அதைத் துணியால் துடைக்காவிட்டால் வார்னிஷோடு ஒட்டிக்கொள்ளும். வாசிக்கும்போது வில்லின் மயிருக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பென்சில் தடிமன் இடைவெளி இருந்தால் சரி. வைக்கும்போது தளர்த்திவிடுங்கள்.

வயலினில் சுரம் எவ்வளவு நுட்பமாக விழ வேண்டும் என்பதை எண்ணில் சொன்னால் பயம் தெளியும். கழுத்தின் நுனியில் தந்தி தங்கும் நட்டுக்கு அருகே விரல் 1 மி.மீ. தள்ளி விழுந்தால் சுருதி சுமார் 5 சென்ட் மாறும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். கூர்ந்து கேட்காவிட்டால் அந்த 5 தெரியாது. மேல் ஸ்தாயியில் தந்தி பாதியாகக் குறுகியிருப்பதால் அதே 1 மி.மீ. 10 சென்டுக்கு மேல் போகும், அங்கே தெரியும். அதனால் முதல் வருடம், கை நட்டுக்கு அருகே நிற்கும் முதல் பொசிஷனிலேயே இருங்கள். சரியாக விழுந்ததா என்பதை வயலினே சொல்லும். ஏ தந்தியில் மூன்றாவது விரலால் டி வாசித்தால், பக்கத்தில் தொடாமல் இருக்கும் டி தந்தி தானாக அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். ஒரு முடி அளவு தள்ளினாலும் அந்த ரீங்காரம் செத்துவிடும். சுருதி காட்டும் கருவியான ட்யூனரின் முள்ளைப் பார்த்துப் பழகுவதைவிட இது பல மடங்கு நல்ல ஆசான். ட்யூனர் கண்ணுக்குப் பாடம் எடுக்கிறது, உங்களுக்கு வேண்டியது காதுக்கான பாடம்.

எந்த வாத்தியமானாலும் வாரத்தில் சில நாளாவது ஒரு நிலையான சுருதி பின்னால் ஓட வாசியுங்கள். சுருதிப் பெட்டி, கீபோர்டில் அழுத்திப் பிடித்த ஒரு கட்டை, எதுவானாலும் சரி. பின்னால் 220 ஹெர்ட்ஸ் ஒலிக்கும்போது நீங்கள் 222 வாசித்தால் ஒரு வினாடிக்கு இரண்டு முறை ஒலி அலைபோல் ஏறி இறங்கும். கிட்டே வர வர அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். இதில் கிடார், கீபோர்டு வாசித்துப் பழகியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சுருதியோடு அலையே இல்லாமல் சேரும் அந்தர காந்தாரம் (மேஜர் வரிசையின் ‘க’) ‘ச’விலிருந்து 386 சென்டில் நிற்கும். கீபோர்டில் அதே சுரம் 400 சென்ட். 14 சென்ட் வித்தியாசம். பஞ்சமத்தில் 702-க்கு 700, வெறும் 2 தான். வயலினில் சுருதிக்கு வாசிக்கும்போது ஒரு காந்தாரமும், கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது கொஞ்சம் உயர்ந்த காந்தாரமும் வேண்டும். எது சரி என்று சண்டை போட வேண்டாம், கூட யார் வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிடாரில் ஒரு கார்டு இனிக்கும்படி காதால் சுருதி சேர்த்தால் அடுத்த கார்டு கசப்பதற்கும் இதுவே காரணம். ஏழாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) வைத்து ஒவ்வொரு தந்தியாகச் சேர்த்துக்கொண்டே போனால் அந்த 2 சென்ட் தந்திக்குத் தந்தி கூடிக்கொண்டே போகும். ட்யூனரில் தனித்தனியாகச் சேர்த்துவிடுவது மேல்.

குழலில் முதல் வாரம் விரலே தேவையில்லை. ஊதும் துளையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கீழ் உதடு மூட வேண்டும். காற்று துளையின் எதிர் ஓரத்தில் பட்டுப் பிளக்க வேண்டும், முழுவதும் உள்ளே போகக் கூடாது. வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வந்தால் குழலை மெதுவாக முன்னும் பின்னும் உருட்டி, ஒலி பிடிக்கும் கோணத்தைத் தேடுங்கள். தலை சுற்றினால் உதட்டு வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, காற்று வீணாகிறது. உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுத் தொடருங்கள். பிறகு விரல்களை மேலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள். கீழ்ச் சுரம் வராவிட்டால் கடைசியாக வைத்த விரலைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதற்கு முந்தைய விரல்களில் ஒன்று. புதிய விரலை நீட்டும்போது அது லேசாக எழும்பிக் காற்றை விட்டிருக்கும். விரல் நுனியால் மூடாமல், நுனிக்குக் கீழே இருக்கும் சதையால் தட்டையாக மூடினால் இது நிற்கும். மேல் ஸ்தாயிக்குப் பலமாக ஊதக் கூடாது. உதட்டு வாயைக் குறுக்கிக் கொஞ்சம் முன்னே தள்ளினால் காற்றின் வேகம் கூடும், அது போதும். பலத்தால் போனால் சுரம் ஏறிக் கத்தும்.

இன்னொன்று: குழலின் சுருதி வெப்பத்தோடு நகரும். காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். குளிர்ந்த அறையில் எடுத்த குழல் பத்து நிமிடத்தில் சூடாகி 20, 30 சென்ட் உயர்ந்து நிற்கும். கிடார்காரரோடு சேர்ந்து வாசிக்கும்போது முதல் பாட்டில் சேர்ந்தது மூன்றாவது பாட்டில் சேராது. வாசிப்பதற்கு முன் குழலுக்குள் மெதுவாக வெறும் காற்றை ஊதிச் சூடாக்கிவிட்டு, பிறகு சுருதி பாருங்கள்.

கீபோர்டைப் பற்றிக் குறைவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒலி முதல் நாளே வந்துவிடும். அங்கே கஷ்டம் வேறு இடத்தில்: இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்து முழுப் பாட்டையும் முட்டி மோதுவது வீண். இடது கையை மட்டும், வாயால் தாளம் எண்ணிக்கொண்டே வாசிக்க வரும்வரை வாசியுங்கள். எண்ணும்போது தடுமாறினால் இடது கை இன்னும் தானாக ஓடவில்லை என்று பொருள். ஓட ஆரம்பித்ததும் வலது கையை இரண்டு அடிக்கு (அடி என்றால் ஒரு தாளச் சுற்று) மட்டும் சேருங்கள், பிறகு நான்குக்கு. வலது கையில் சி மேஜர் வரிசைக்கு விரல் 1 2 3 1 2 3 4 5. மூன்றாவது விரலுக்கு அடியில் கட்டைவிரல் நுழையும்போது முழங்கை வெளியே துள்ளக் கூடாது. முன்னங்கை கட்டைகளோடு சமமட்டத்தில் இருக்குமாறு இருக்கையை வையுங்கள். பின்னாளில் பியானோ தொடும் எண்ணம் இருந்தால் எடையுள்ள கட்டைகள் உள்ளதையே வாங்குங்கள். பியானோக் கட்டையை அழுத்த ஏறத்தாழ 50 கிராம் விசை வேண்டும், கட்டை சுமார் 10 மி.மீ. இறங்கும். ஸ்பிரிங் கட்டையில் மட்டும் பழகிய விரலுக்கு அது கல்லை அழுத்துவது போலிருக்கும்.

கிடார்காரருக்குக் கீபோர்டால் கிடைக்கும் பெரிய லாபம் வாசிப்பு அல்ல. கார்டுக்குள் எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்பது கண்முன் விரிந்து கிடக்கும். ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது ஒரு சுரம் நகராமல் நிற்கிறது, மற்ற இரண்டும் பக்கத்துப் படிக்கு நகர்கின்றன என்பதைக் கிடாரில் பத்து வருடம் வாசித்தும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். அதனால், உங்கள் பட்டியலில் முதலில் கீபோர்டு என்பேன். பிறகு மாண்டலின் வழியாக வயலின். குழல் கடைசியாக, அல்லது வயலினோடு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒலி எழுப்ப இரண்டிலும் உடலில் ஒரே பகுதி உழைப்பதில்லை என்பதால் அது சாத்தியம்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: புதியதுக்கு இருபத்தைந்து, கிடாருக்குப் பத்து, வாத்தியமே தொடாமல் பாட்டைக் கேட்டுச் சுரம் சொல்லிப் பார்க்க ஐந்து. முடிந்தால் புதியதைக் காலையில் பன்னிரண்டு, மாலையில் பன்னிரண்டு என்று உடைத்துவிடுங்கள். தொடக்க நிலையில் கை நேரத்தைவிட நாட்களின் எண்ணிக்கையைத்தான் மதிக்கிறது. ஞாயிறு மூன்று மணி நேரம் வாசித்து மற்ற ஆறு நாள் தொடாமல் இருப்பவரை, தினம் பதினைந்து நிமிடம் வாசிப்பவர் இரண்டே மாதத்தில் தாண்டிவிடுவார். தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரம் வேண்டும் என்ற கதையைக் கேட்டுக் கலங்க வேண்டாம். 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் மற்றவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் வாசித்திருந்த நேரத்தின் சராசரிதான் அது. கலைஞராக வாழ்க்கை நடத்தப் போகிறவர்களின் கணக்கு. நாற்பது நிமிடக்காரர் அங்கே போய்ச்சேர நாற்பத்தோரு வருடம் ஆகும். சொந்தச் சந்தோஷத்துக்கு வாசிப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

கடினமான இடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு முழு வரியாக இருக்காது. இரண்டு சுரத்துக்கு நடுவில் நடக்கும் ஒரு மாற்றம்தான் தடுக்கும். அந்த இரண்டு சுரம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நான்கை மட்டும் வெட்டி எடுங்கள். தொடர்ந்து ஐந்து முறை பிழையில்லாமல் வரும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள், மெட்ரோனோமில் அது 40 ஆக இருந்தாலும் சரி. அங்கிருந்து 4, 5 ஆக ஏற்றுங்கள். உடைந்தால் 10 இறங்குங்கள். வேகம் ஏறாமல் ஓரிடத்தில் சிக்கினால் அதே சுரங்களை நெடில்-குறில், குறில்-நெடில் என்று மாற்றி வாசித்துவிட்டு மறுபடி சமமாக வாசித்துப் பாருங்கள். ஒரு துண்டையே பன்னிரண்டு நிமிடம் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூன்று துண்டுகளை இரண்டு இரண்டு நிமிடமாக இரண்டு சுற்று வாசிப்பது மறுநாள் அதிகம் தங்கும். அன்றைக்கு மோசமாக வாசித்தது போலத்தான் தோன்றும். மறுநாள் எடுத்துப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் போனில் பதிவு செய்து, உடனே கேட்காமல் அடுத்த நாள் கேளுங்கள். வாசிக்கும்போது நமக்குத் தெரியாத ஒரு குறை பதிவில் பளிச்சென்று தெரியும்: கடினமான இடத்தில் வேகம் குறைகிறது, எளிதான இடத்தில் ஓடுகிறது.

வாத்தியத்தின் குற்றத்தை நம் குற்றமாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய பிரச்சினை. கிடாரில் எஃப் கார்டு வரவில்லை என்று வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறவர்களில் பலரிடம் நட் உயரமாக இருக்கும். மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் நட் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். அதுவரை முதல் ஃப்ரெட் சுரங்கள் அழுத்தத்தால் உயர்ந்தே ஒலிக்கும். கம்பித் தந்திக் கிடாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய ஈ 1.6 முதல் 2 மி.மீ., தடித்த ஈ 2 முதல் 2.5 மி.மீ. உயரம் இருந்தால் வசதி. அங்கே 0.5 மி.மீ. குறைய வேண்டுமானால் உடல் பக்கத்தில் தந்தி தங்கும் சாடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். கழுத்துக்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகித் தந்தி உயரத்தைக் குறைக்கப் பார்ப்பது தப்பு. அது கழுத்தின் வளைவுக்கு மட்டும். முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு, உடலோடு கழுத்து சேரும் ஃப்ரெட்டை அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். திருத்துவதானால் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் இடத்தில் மர வாத்தியங்கள் நிம்மதியாக இருக்கும். 40-க்குக் கீழே போனால் மரம் சுருங்கி ஃப்ரெட் ஓரங்கள் கையில் குத்தும், பலகை வெடிக்கவும் செய்யும். 60-க்கு மேல் போனால் மேல் பலகை உப்பித் தந்தி உயரும். வயலினில் தந்திகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே ஒட்டாமல் நிற்கும் சிறு மரத்தூணான சவுண்டு போஸ்ட் விழுந்துவிடும், பிரிட்ஜும் சாயும். சுருதி கூட்டும்போது தந்தி பிரிட்ஜை விரல் பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் பார்த்து நிமிர்த்திவிடாவிட்டால் ஒருநாள் படீரென்று படுத்துவிடும்.

பழைய வாத்தியம் வாங்குவதானால் அழகைப் பார்க்காமல் இதைப் பாருங்கள். கிடாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கும் அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் இரைச்சல் இல்லையா. வயலினில் எஃப் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, முறுக்காணி நழுவுகிறதா. கீபோர்டில் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பாருங்கள், நடு ஸ்தாயிக் கட்டைகள்தான் முதலில் தேயும். கிளாரினெட் போன்றவற்றில் துளைகளை மூடும் பேடுகள் காற்றை விடுகின்றனவா என்று பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள்.

காதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பணியிடங்களுக்கான வழக்கமான பரிந்துரை, 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். வயலின் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒலிக்கிறது, சிறிய அறையில் பலமாக வாசித்தால் இந்த அளவைத் தொட்டுவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் காதடைப்பான்கள் இருக்கின்றன. பஞ்சு வைத்தால் மேல் சுரங்கள் மட்டும் மங்கும், சுருதி பிடிபடாது.

கைக்கு வயதாகும்போது வாத்தியத்தை விட வேண்டியதில்லை, வாத்தியத்தை இளக்கலாம். கிடாரின் எல்லாத் தந்தியையும் ஒரு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், இரண்டு அரைச்சுரம் இறக்கினால் 20 சதவீதம். பழைய சுருதியில் வாசிக்க வேண்டுமானால் கேபோ போட்டுக்கொள்ளலாம். 12 எண் தடிமன் தந்தியிலிருந்து மெல்லிய 10 எண்ணுக்கு மாறலாம், நைலான் தந்திக் கிடாருக்குப் போகலாம். விரல் நுனி வலி வேறு, மணிக்கட்டு வலி வேறு. நுனி வலி சில வாரங்களில் தோல் தடித்ததும் போய்விடும். மரத்துப்போவது, கூச்செறிவது, வாசித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் நிற்காத வலி, இவை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுபடி மறுபடி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வலியைத் தாண்டி வாசித்தால் கை பலப்படும் என்பது சுத்தப் பொய்.

எட்டாவது மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை ஒரு தேக்கம் வரும். புதிய வேகம் குறைந்து, தினமும் அதே அளவில் நிற்பதாகத் தோன்றும். பலர் சரியாக அந்தக் கட்டத்தில்தான் அடுத்த வாத்தியத்தை வாங்குகிறார்கள். புதியதில் முதல் மூன்று மாதம் முன்னேற்றம் மளமளவென்று தெரியும், அந்த ருசி பிடித்துவிடும். இப்படியே போனால் ஆறு வாத்தியத்தில் ஆறும் எட்டு மாதத்து நிலையில் நிற்கும். தேக்கத்தில் இருக்கும்போது வாங்காதீர்கள். அந்த நேரத்தில் பாட்டின் வகையை மாற்றுங்கள், ஆசிரியரிடம் நான்கு வகுப்பு போய் ஒலி எழுப்பும் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பாக வில்லும் உதடும் வீடியோ பார்த்து முழுதாகத் திருந்தாது, எதிரே ஒருவர் நின்று மணிக்கட்டைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். மூச்சுவிடுவது போல யோசிக்காமல் பத்து மெட்டு வாசிக்க வந்த பிறகு அடுத்ததை எடுக்கலாம்.

அந்தப் பத்து மெட்டு கைவந்ததும் கூட வாசிக்க ஒருவரைத் தேடுங்கள். உங்களால் தனியாக முடியும் வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள், சேர்ந்து வாசிக்கும்போது கவனம் பாதி வெளியே போய்விடும். பிழை வந்தால் நிறுத்தித் திருத்தும் வீட்டுப் பழக்கத்தை அங்கே விட வேண்டும். தவறிய சுரத்தை விட்டுவிட்டு அடுத்த அடியின் முதல் எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளுங்கள். இதைத் தனியாகவும் பழகலாம்: மெட்ரோனோம் ஓடும்போது வேண்டுமென்றே இரண்டு அடி வாசிக்காமல் விட்டு, மூன்றாவதில் சரியான இடத்தில் நுழைய வேண்டும்.